சுண்ணாம்பு தெளித்த ஓடை

1984

பிப்ரவரி 5, ஞாயிறு

பனி. எட்டு மணி வரைக்கும் ஏரிக்கரை தெரியல. சால்வையைப் போர்த்திக்கிட்டு ஓடைக்கு. எப்பவும்போல தனியா.

கம்பெனிக் கழிவுக் குழாய்க்கு மேல: தண்ணி தெளிவு, அடி மணல் தெரியுது. நத்தை. தலைப்பிரட்டை. கல்லைப் புரட்டினா ஒரு நண்டு, என்னை முறைச்சிட்டு ஓடிச்சு. கோரை பச்சை. நீல லிட்மஸ் நீலமாவே.

குழாய்க்குக் கீழ: மஞ்சள். கல்லெல்லாம் வழவழன்னு. அடியில ஒண்ணும் இல்ல, புழு கூட. நீல லிட்மஸ் தொட்டதும் செவப்பு. புளிச்ச நாத்தம், தொண்டையில போய் உக்காந்துக்குது.

பாட்டிலை அதே தண்ணியில அலசிட்டு, ஓட்டத்துக்கு எதிரா வாயைக் காட்டி மொண்டேன். சேறு கலங்கக் கூடாது. கால் அரிப்பு இன்னும் நிக்கல. தேங்காண்ணெய் தடவியாச்சு.

மெட்ராஸ் காலேஜ் அம்மா ஒருத்தங்க போன வருஷம் ஸ்கூல்ல அறிவியல் கூட்டம் போட்டப்ப, இந்த ஓடையை வாராவாரம் யாராவது பாத்து எழுதி வைக்கணும்னு கேட்டாங்க. கை தட்டாதவங்க இல்ல. பேர் கொடுத்தது அஞ்சு பேர். போஸ்ட்மேனுக்கு மாத்தல். ஹெட்மாஸ்டருக்கு முட்டி வலி. மத்த ரெண்டு பேருக்கும் கம்பெனியிலயே வேலை கிடைச்சிடுச்சு. மிச்சம் நான், தையல் டீச்சர்.

தட்டைக் கயித்துல கட்டி இறக்கி எவ்ளோ ஆழத்துல மறையுதுன்னு பாக்கணும், தெளிவுக்கு அதான் கணக்கு. வெள்ளை எனாமல் தட்டு, இவரோடது. மத்தியானம் சாப்பிட உக்காந்தவர் வாழையெலையைப் பாத்துட்டு, "ஏண்டி, என் தட்டு இன்னும் ஓடையில துன்னுகினு கீதா?"

ரசம் ஊத்தினேன்.

பிப். 12, ஞாயிறு

மூடாக்கு. மழை இல்ல.

எத்திராஜ் மதகுகிட்ட இருந்தான். ஏரிக்கு நீர்கட்டி அவன். எந்த வயலுக்கு என்னிக்குத் தண்ணி, மதகை எவ்ளோ தூக்கணும், எல்லாம் அவன் கை. அறுப்பு முடிஞ்சதும் வயலுக்கு இவ்ளோன்னு நெல்லு அளப்பாங்க, அதான் கூலி. "டீச்சர், பாத்து எறங்குங்க, வழுக்கும்"னு கையிலிருந்த கழியை நீட்டினான். நல்ல பையன். முப்பது வயசு ஆளைப் பையன்னு சொன்னா அவன் பொண்டாட்டி சிரிப்பா.

கன்னியம்மா, அவன் பொண்டாட்டி, எங்க பின்னாடி வூடு. ஆறாம் மாசம். முன்னாடி ரெண்டு தங்கல. அவ துணி மூட்டையோட குழாய்க்குக் கீழயே வந்து உக்காந்தா. அங்க துவைக்காதடின்னேன். லிட்மஸைப் போட்டுக் காட்டினேன்.

"அய்ய, பொட்டு மாதிரி செவந்துபோச்சே. எனக்கு ஒண்ணு குடுக்கா."

"அழகுக்கு இல்லடி. செவந்தா ஆசிட்னு அர்த்தம். பேட்டரியில ஊத்தறாங்களே, அது."

வயித்து மேல கையை வெச்சிக்கினா. அப்புறம், "கெணறு வத்திச்சின்னா இங்கதானே ஊத்து தோண்டுவோம்?"

அதாண்டி என் கவலையும்.

மேட்டுத் தெரு கெணறு சித்திரைக்கு முன்னாடியே தரை தட்டிடும். அப்புறம் ஓடை மணலைத் தோண்டி, ஊறுற தண்ணியைக் கொட்டாங்கச்சியால மொண்டு குடம் ரொப்பணும். வருஷா வருஷம் அப்படித்தான். ஆனா குழாய் வந்தது போன ஐப்பசியில. குழாய் வந்தப்புறம் இது மொத கோடை. அதுக்குள்ள அதை ஓடையிலேர்ந்து எடுத்துட்டா போதும். எனக்கு வேற எதுவும் வேணாம்.

"நீ சொன்னா இங்க மொள்ளலக்கா"ன்னா. தலையில அடிச்சு சத்தியம் பண்ணப் போனா, தடுத்துட்டேன்.

பிப். 18, சனி

நல்ல வெயில். ஸ்கூல் அரை நாள்.

கம்பெனி கேட் வரைக்கும் போனேன். சைக்கிள் ரிம்மு, ஹேண்டில்பாருக்கு முலாம் போடற கம்பெனி, ஊர்ல எல்லாருக்கும் பாலிஷ் கம்பெனி. ரிஜெக்ட் ஆன ஹேண்டில்பார் இல்லாத வூடே கிடையாது. துணி காயப் போட, பந்தக்கால் நட, மாடு கட்ட. இவரோட சைக்கிள் கடையிலயும் செகண்ட்ஸ் ஒரு மூலை நிறைய. என் வூட்டுக்குள்ளயே எதிரி பளபளன்னு நிக்கிறான்.

மேனேஜர் மெட்ராஸ்லயாம். எப்ப வருவார்? "வருவார்." வாட்ச்மேன் என்கிட்ட தையல் படிச்ச மீனாவோட அப்பா. ஸ்டூல் போட்டு உக்கார வெச்சாரு, டீ வாங்கிக் கொடுத்தாரு. கடைசியில கையைக் கும்பிட்டு, "டீச்சர், மூணு வருஷமா மழை வருமான்னு மானத்தைப் பாத்துகினு இருந்தோம். இப்பதான் மாசம் பொறந்தா கையில காசு. OT வேற குடுக்கறான். வவுத்துல அடிச்சிடாதீங்க."

நான் குழாயை மட்டும்தான் மாத்தச் சொல்றேன்னேன். தலையை ஆட்டினாரு. அவர் காதுல அது எப்படி விழுந்துதோ.

பஸ் ஸ்டாப்ல ரெண்டு பேர், நான் இருக்கறது தெரியாம:

"டீச்சரம்மா வாராவாரம் ஓடைக்கு மீனு புடிக்கப் போவுது."

"அங்க ஏதுடா மீனு?"

"அதான் வாராவாரம் போவுது."

சிரிப்பு எனக்கே வந்துடிச்சு. வூட்டுக்கு வந்தப்புறம் அழுகை. ஏன்னு தெரியல. வெங்காயம் நறுக்கினேன், இவர் கேக்கல.

பிப். 27, திங்கள்

மெட்ராஸ் அம்மா ஸ்கூலுக்கே வந்துட்டாங்க. தண்ணி சோதிக்கிற சர்க்கார் ஆபீசர் வராராம். மார்ச் 15, வியாழக்கிழமை காலை. அவரே ஓடையில எறங்கி மொண்டு, அவரே சோதிச்சு எழுதிட்டா கம்பெனி குழாயை எடுத்தே ஆகணுமாம். அந்தம்மா இதுக்காக எத்தனை தடவை நடந்தாங்களோ. நான் எழுதின குறிப்பையெல்லாம் காட்டினாங்களாம், நல்லா இருக்குன்னாராம் ஆபீசர்.

நான் எழுதினதை ஒரு ஆபீசர் நல்லா இருக்குன்னாரு. எட்டாவதோட நிறுத்திட்டு தையல் ட்ரெயினிங் போனவ நான். சாயந்திரம் கேசரி கிண்டினேன். இவருக்கு விசேஷம் என்னன்னே புரியல, ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்ட்டாரு.

அந்தம்மா இனிமே வர மாட்டாங்க. திருச்சிக்கு மாத்தல். லிட்மஸ் ஒரு கட்டு கொடுத்துட்டுப் போனாங்க. பவுடர் டப்பாவுல போட்டு அரிசிக்குள்ள வெச்சிருக்கேன், ஈரம் படாம.

மார்ச் 4, ஞாயிறு

வெயில் சுள்ளுன்னு. தண்ணி குறைஞ்சுகிட்டே வருது, மஞ்சள் இன்னும் கெட்டியா ஆவுது. மேல் பக்கம் தலைப்பிரட்டைக்குக் கால் மொளைச்சிருக்கு. கீழ் பக்கம் செத்த தவளை ஒண்ணு மல்லாக்க. கரையோரக் கோரை நுனி கருகிப்போச்சு, அடி வரைக்கும்.

சந்தோஷமா எழுதினேன். தவளை செத்ததை சந்தோஷமா எழுதற பொம்பள நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். ஆனா ஆபீசர் பாக்கணுமே. இப்படியே இருக்கட்டும், பத்து நாள், மழை கிழை வந்து கெடுத்துடக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்.

பாவாடை தைக்கக் கொடுத்த துணி நாலு பாக்கி. மெஷின் பெல்ட் லூசு.

மார்ச் 12, திங்கள்

தலைவர் வூட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஆபீசர் வர்ற விஷயம். பஞ்சாயத்துத் தலைவர்கிட்ட சொல்லாம ஊருக்குள்ள ஆபீசரைக் கூட்டிக்கிட்டு வந்தா மரியாதை இல்ல. அவருக்கு முகமெல்லாம் பல்லு. நம்ம ஊருக்கு ஓட்டு கேக்கறவன் தவிர வேற யாரும் வந்ததில்லயே.

"இன்னா பண்ணணும் சொல்லுமா, ஜமாய்ச்சிடலாம்."

"ஒண்ணும் வேணாங்க. ஓடைக்கு எறங்கற வழியில முள்ளு. அதை மட்டும் வெட்டிக் கொடுத்தா போதும்."

"அவ்ளோதானா? நீ கவலைய வுடு."

எத்திராஜ் அங்கதான் நின்னுகிட்டிருந்தான். "நான் பாத்துக்கறேன் டீச்சர்"னான்.

மனசு லேசாச்சு. நம்ம பக்கம் யாரும் இல்லன்னு நெனைச்சது தப்பு.

மார்ச் 14, புதன்

ரெண்டு நாளா காஞ்சிபுரம். தையல் பரீட்சை டூட்டி. பஸ்ல நின்னே போய் நின்னே வந்தேன். ஓடைப் பக்கம் எட்டிப் பாக்க முடியல. கால் வீங்கிடுச்சு. நாளைக்கு உடுத்த பச்சை காட்டன் எடுத்து வெச்சாச்சு. பாட்டில் கழுவி, லிட்மஸ், தட்டு, கயிறு, துண்டு. இவர், "பொண்ணு பாக்க வராங்களாடி?"

தெருவுல சுண்ணாம்பு வாசனை. யார் வூட்டுக்கோ வெள்ளை அடிக்கறாங்கபோல.

மார்ச் 15, வியாழன்

எழுதத்தான் வேணும்.

காலையில போனா, ஓடைக்கு எறங்கற வழி முழுக்க முள்ளு வெட்டி, ரெண்டு பக்கமும் சுண்ணாம்புக் கோடு. மூங்கில் நட்டு மாவிலைத் தோரணம். கரையில மடக்கு சேர், அதுமேல ஜமுக்காளம். கோலி சோடா. சரி, சனங்க ஆசைப்பட்டு செஞ்சிருக்கு, போவட்டும்னு எறங்கினேன்.

ஓடை ரொம்பிப் போவுது.

முழங்காலுக்கு மேல. வெள்ளையா, சலசலன்னு, கார்த்திகை மாசத்துல போற மாதிரி. மஞ்சள் எங்க? நாத்தம் எங்க? கரையோரத்துல கருகின கோரையெல்லாம் அறுத்தாச்சு. கரை ஓரத் தண்ணி பால் மாதிரி வெளுத்திருந்தது. சுண்ணாம்பை மூட்டையோட ஓடையிலயே கொட்டியிருக்காங்க, நாத்தத்துக்கு.

எத்திராஜ் ஈர வேட்டியோட நின்னான், மூஞ்சி பூரா சிரிப்பு. "எப்டி டீச்சர்?"

"என்னடா பண்ண?"

"தலைவரு சொன்னாரு, செவ்வாக்கெழம சாயந்திரமே மதகைத் தூக்கிட்டேன். ரெண்டு நாளா ஏரித் தண்ணியால கழுவி வுட்டிருக்கேன். நீங்க கூட்டியார ஆபீசரு, மூக்கைப் பொத்திக்கினு நிக்கறதா? ஊருக்கு அசிங்கம் இல்ல?"

அதுக்குள்ள தலைவரு மாலையோட வந்துட்டாரு. ஜீப்பும் வந்துடிச்சு.

ஆபீசர் நல்ல மனுஷர். வயசானவர், கண்ணாடி. சோடா கூட வேணாம்னுட்டு பேன்ட்டை மடிச்சு அவரே எறங்கினார். நான் எறங்கற மாதிரியே, ஓட்டத்துக்கு எதிரா நின்னு மொண்டார். மூணு இடத்துல. நீல லிட்மஸ் போட்டார். நீலமாவே இருந்தது. கன்னியம்மா கரையிலேர்ந்து கழுத்தை நீட்டிப் பாத்துகிட்டிருந்தா.

சார், இது இன்னிக்கு மட்டும் இப்படின்னேன். போன வாரம் வந்திருந்தா மஞ்சளா இருந்திருக்கும். மதகைத் திறந்துட்டாங்க. சுண்ணாம்பு கொட்டிட்டாங்க. உங்களுக்காகன்னு.

அவர் என்னைப் பாத்தார். நம்பாம இல்ல. "அம்மா, நான் இன்னிக்குத்தானே வந்திருக்கேன். இன்னிக்கு என் கண்ணுல பட்டதைத்தான் நான் எழுத முடியும்."

குழாயையாவது காட்டறேன்னு கூட்டிக்கிட்டுப் போனேன். குழாயே தண்ணிக்குள்ள. கையை விட்டுத் தடவிப் பாத்தேன், புடவை நனைஞ்சதுதான் மிச்சம். தலைவர் பின்னாலேர்ந்து, "டீச்சரம்மா கொஞ்சம் கோவக்காரங்க சார், நல்லவங்க"ன்னு சொல்லிக்கிட்டு வராரு.

சேர்ல உக்கார வெச்சு மாலை போட்டாங்க. எனக்கும் ஒரு மாலை. கழட்டத் தெரியாம போட்டுக்கிட்டே நின்னேன்.

மார்ச் 16, வெள்ளி

ஸ்கூலுக்கு லீவு போட்டேன். தலைவலின்னு.

எத்திராஜைக் கூப்ட்டு திட்டினேன். வாயில வந்ததெல்லாம். சனியனே, உன்னை யாரு மதகைத் திறக்கச் சொன்னது, அந்த நாத்தத்தைக் காட்டத்தானே அவரைக் கூப்ட்டேன், நாத்தம் இருந்தாத்தானே குழாயை எடுப்பாங்க. அவனுக்குப் புரிஞ்சது, ஆனா ரொம்ப மெதுவா. புரிஞ்சப்போ மூஞ்சி கறுத்துப்போச்சு.

"வூட்டுக்கு வர்றவங்களுக்கு அழுக்கையா காட்டுவாங்க டீச்சர்?"

நானே நேத்து பச்சை காட்டன் கட்டிக்கிட்டுத்தானே போனேன்.

இவர் கடையிலேர்ந்து சீக்கிரம் வந்துட்டாரு. கேலி பண்ணல. அதுதான் பயமா இருந்தது. தட்டை எடுத்துத் தேய்ச்சு, அதுல எனக்கு சோறு போட்டு வெச்சாரு.

மார்ச் 25, ஞாயிறு

வெயில். ஓடை பழையபடி மஞ்சள். லிட்மஸ் செவப்பு. குழாய் வெளிய தலை நீட்டிக்கிட்டு ஊத்துது, நான் ஒண்ணும் பண்ணலங்கற மாதிரி.

மேல் பக்கத்துல தலைப்பிரட்டை இல்ல. வெள்ளம் அடிச்சிக்கிட்டுப் போயிருக்கும். நண்டும் காணல. இருந்த மேல் பக்கத்தையும் நானே கழுவி விட்ட மாதிரி ஆச்சு.

கடைமடை வயக்காரங்க எத்திராஜைப் புடிச்சிட்டாங்களாம். கடைசித் தண்ணிக்கு வெச்சிருந்ததை ஓடையில வுட்டுட்டான், நவரைப் பயிரு கருகுது, இந்தத் தரம் நெல்லு அளக்க மாட்டோம்னு. தலைவர் சொல்லித்தான் தூக்கினேன்னு இவன் சொல்லியிருக்கலாம். சொல்லலயாம். டீச்சர் பேரு அடிபடும்னு.

திட்டினதையெல்லாம் திருப்பி எடுத்துக்க முடிஞ்சா எடுத்துக்குவேன். கன்னியம்மாகிட்ட ஒரு மரக்கா நெல்லு கொடுத்தனுப்பினேன். திருப்பி அனுப்பிட்டா. கூடவே முருங்கைக்கீரை ஒரு கட்டு.

ஏப்ரல் 9, திங்கள்

காலையில தண்டோரா சத்தம். ஸ்கூல் கிளம்பிக்கிட்டிருந்தேன், சீப்பு தலையிலயே.

"இதனால சகலமானவங்களுக்கும் தெரிவிக்கறது இன்னான்னா, நம்ம ஓடைத் தண்ணி சர்க்கார் சோதனை ஆச்சு. நல்ல தண்ணி. குடிக்கலாம். மேட்டுத் தெரு சனங்க ஓடையில ஊத்து தோண்டிக்கலாம்..." டம டம டம.

தெருமுனை வரைக்கும் ஓடினேன். தண்டோரா போடறவர்கிட்ட என்ன சண்டை போடறது. அவர் சொல்லச் சொன்னதைச் சொல்றாரு.

தலைவர்கிட்ட போனேன். மனுஷனுக்கு உண்மையிலயே சந்தோஷம். "உன்னாலதாமா. கெணறு வத்திச்சு, லாரித் தண்ணிக்கு யார் கால்ல வுழறதுன்னு முழிச்சிகினு இருந்தேன். மேல்மட்டத்துல கேட்டேன், தண்ணியில ஒரு கொறையும் இல்லன்னு சொல்லிட்டாங்க. நீ ஆபீசரைக் கூட்டியாரலன்னா இந்த வருசம் நாறிப் போயிருக்கும்."

இப்ப போய்ப் பாருங்க மஞ்சளா இருக்குன்னேன்.

"மேல மஞ்சளா இருக்கும்மா, மணல்ல ஊறி வர்றது தெளிவுதானே. சர்க்காரை விடவா உனக்குத் தெரியும்?" கோவமாச் சொல்லல. கொழந்தைக்குச் சொல்ற மாதிரி சொன்னாரு.

ஏப். 11, புதன்

அனல். ஆபீசுக்கே போயிடலாம்னு ஓடைத் தண்ணி ஒரு பாட்டில் மொண்டுகிட்டு பஸ் ஏறினேன். படப்பையில மாறி, அப்புறம் இன்னொண்ணு. பாட்டிலை மடியில வெச்சு முந்தானையால மூடிக்கிட்டு. கண்டக்டர் எட்டிப் பாத்துட்டு, "இன்னாம்மா, மூத்திரமா? ஆஸ்பத்திரி அடுத்த ஸ்டாப்பு."

அந்த ஆபீசர் அங்க இல்ல. வேற ஜில்லாவுக்குப் போயாச்சாம். அவர் சீட்ல இருந்தவர் பாட்டிலைத் தொடல.

"நீங்க மொண்டது செல்லாதும்மா. எங்க ஆளு வந்து மொண்டாத்தான் கணக்கு. உங்க ஊர் சோதனை இந்த வருஷத்துக்கு முடிஞ்சிடுச்சே."

அடுத்த வருஷம்?

"எழுதிப் போடுங்க."

ஆபீஸ் வாசல்ல ஒரு பூவரச மரம். பாட்டிலை அதுக்கு ஊத்தப் போனேன். அப்புறம் மரத்துக்கு ஏன்னு மறுபடியும் வூட்டுக்கே எடுத்துட்டு வந்தேன். அடுப்படி மூலையில இருக்கு. இவர் அதைப் பாத்து ஒண்ணும் கேக்கல.

ஏப். 22, ஞாயிறு

ஓடை காஞ்சு நடுவுல மட்டும் மஞ்சளா ஒரு கோடு. ரெண்டு பக்கமும் மணல்ல ஊத்து. வரிசையா குடம். ஓரத்துல நின்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன். காய்ச்சினாலும் போவாது, வேணாம்னு. ஒருத்தரும் சண்டைக்கு வரல. "சரி டீச்சர்", "ஆவட்டும் டீச்சர்". மொண்டுகிட்டே சொல்றாங்க. வேற எங்க போவாங்க? ஸ்கூல் பம்பு போன மாசமே கைப்பிடி கழண்டு போச்சு.

கன்னியம்மா மட்டும் இது வரைக்கும் ஊத்துக்குப் போகல. இவர் தினம் கடையிலேர்ந்து வரச்சே கேரியர்ல ரெண்டு குடம் கட்டிக்கிட்டு வராரு, படப்பைப் பக்கம் பம்புசெட் தண்ணி. ஒண்ணு எங்களுக்கு, ஒண்ணு அவளுக்கு. நான் கேக்காமலே. கல்யாணம் ஆயி இருபது வருஷத்துல இவரைப் பத்தி இப்படி ஒரு வரி எழுதினது இல்ல.

மே 2, புதன்

இவருக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சு. படுக்கை. சைக்கிள் கடை பூட்டு. தைலம் தேய்ச்சு விட்டேன், ஒத்தடம் கொடுத்தேன். நான் நடந்து போய்க் கொண்டுவரலாம்னா ஒரு குடம்தான் முடியுது, அதுலயும் பாதி வழியில சிந்திடுது.

பாதிக் குடத்தைக் கன்னியம்மாவுக்கு எடுத்துட்டுப் போனேன். வாங்கல.

"அண்ணன் எனக்குத் தண்ணி செமந்து இடுப்பு போச்சுன்னு ஊரே பேசுதுக்கா. எனக்கு மானமே போவுது. இனிமே நான் பாத்துக்கறேன்."

எங்க பாத்துக்குவ?

தலையைக் குனிஞ்சிகினா. எத்திராஜ் உள்ளேர்ந்து வெளிய வரவேயில்ல. அறுப்பு முடிஞ்சி ரெண்டு வாரம் ஆச்சு. அவன் வூட்டுக் குதிர்ல நெல்லு ரொம்பின சத்தம் கேக்கல.

மே 6, ஞாயிறு

கத்திரி வெயில். ஆறரைக்கே மணல் சுடுது.

பவுடர் டப்பாவுல கடைசி லிட்மஸ் சீட்டு. எதுக்கு எடுத்துட்டுப் போனேன்னு தெரியல. வழக்கம்.

கன்னியம்மா ஊத்துக்குள்ள உக்காந்திருந்தா. ஒன்பதாம் மாசம். காலை அகட்டி, ஒரு கையை மணல்ல ஊணிக்கிட்டு, கொட்டாங்கச்சியால கொஞ்சம் கொஞ்சமா மொண்டு குடத்துல ஊத்தறா. தண்ணி தெளிவுதான். தலைவர் சொன்னது பொய் இல்ல, பாத்தா குடிக்கணும்போலத்தான் இருக்கு. என்னைப் பாத்ததும் சிரிச்சா. தப்புப் பண்ணிட்டு மாட்டிக்கிட்ட சிரிப்பு இல்ல, சாதாரண சிரிப்பு.

"அக்கா, நீயும் மொள்ளவா?"

கொட்டாங்கச்சியை வாங்கி, அதுல சீட்டைப் போட்டேன். உடனே ஆகல. ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்துகிட்டே இருந்தோம். ஓரத்துலேர்ந்து மெதுவா செவந்துது.

"பாரு"ன்னேன். "பாருடி கன்னியம்மா. செவந்தா என்னன்னு சொன்னேன்?"

பாத்தா. நல்லாவே பாத்தா. யோசிச்சா கூட.

"ஆபீசரு போட்டப்ப நீலமாவே இருந்திச்சேக்கா. நான் பாத்துகினு இருந்தேன். உன் காயிதம் பழசாப் போயிருக்கும்."

வாயைத் தொறந்தேன். மதகு, சுண்ணாம்பு, எத்திராஜ், எல்லாத்தையும் சொல்லிடப் பாத்தேன். அந்த நீலம் அவ புருஷன் மதகைத் தூக்கினதால வந்ததுன்னு இந்த நெலமையில அவகிட்ட எப்படிச் சொல்றது? அவன் இன்னும் சொல்லலபோல இருக்கு. சொன்னாத்தான் இப்ப வேற தண்ணி எங்க இருக்கு?

கொட்டாங்கச்சியை என் கையிலேர்ந்து வாங்கி, சீட்டை எடுத்துப் போட்டுட்டு, அந்தத் தண்ணியையும் குடத்துலயே ஊத்தினா. குடம் ரொம்பிச்சு. எழுந்துக்கப் பாத்தா, முடியல. வயிறு முன்னால முட்டுது, குனிஞ்சு தூக்க வரல.

"ஒரு கை குடேன்க்கா."

குடத்தைத் தூக்கி அவ இடுப்புல வெச்சேன்.